கூண்டில் ஒரு சிறுவன் - கூண்டுக்கு வெளியே ஓர் ஊர்!

சுட்டவன் யார் என்பதில் ஐயமில்லை. கண்ணால் கண்டவர்கள் பலர். சம்பவம் நடந்த இடத்திலேயே போலீசாரிடம் பிடிபட்டவன் அவன். இரண்டு மாணவர்கள் மாண்டார்கள். பதின்மூன்று பேர் குண்டடி பட்டார்கள். வழக்கு தொடுக்கப்பட்டது, தண்டனை விதிக்கப்பட்டது, கோப்பு கட்டி வைக்கப்பட்டது. இன்னும் என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றும்.

மிச்சம் இருக்கிறது தோழர்களே! அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான்டியாகோ மாநகரை அடுத்து, சான்டீ என்றோர் ஊர். சுமார் ஐம்பதாயிரம் மக்கள் வாழ்ந்த ஊர். அங்கே 2001-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி நடந்த கொடுமை அது. 2024-ம் ஆண்டு செப்டம்பரிலே அந்தக் கைதி பரோல் குழுவின் முன் வந்தான். விடுதலைக்குத் தகுதி இல்லை என்று குழு மறுத்துவிட்டது. பதினைந்து வயதில் உள்ளே போனவன், முப்பத்தெட்டு வயதில் அந்தப் பதிலைக் கேட்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கோ, இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய புண் புதிதாகக் கீறப்பட்டது.

ஏன் அந்தப் புண் ஆறவில்லை? மாண்டவர் மீளமாட்டார் என்பது முதற் காரணம். அதை எந்த மன்றமும் மாற்ற இயலாது. இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே பேசப் போகிறோம். வழக்கு மன்றம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது: "சுட்டது யார்?" ஊர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளோ பல. அவனை அந்த நிலைக்குத் தள்ளியது எது? அவன் சொன்னதைக் கேட்டவர்கள் ஏன் தடுக்கவில்லை? துப்பாக்கி எங்கிருந்து வந்தது? பதினைந்து வயதுப் பையனைப் பெரியவர் மன்றத்தில் நிறுத்தத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட சாட்சிக் கூண்டு ஏறவில்லை.

நடந்தது என்ன?

அன்று திங்கட்கிழமை. சான்டானா உயர்நிலைப் பள்ளி, காலை ஒன்பது மணி கடந்த நேரம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், சின்ன ரகக் கைத்துப்பாக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். ஆண்கள் கழிப்பறையில் சுடத் தொடங்கினான். பிறகு வெளியே முற்றத்தை நோக்கிச் சுட்டான். குண்டு தீர்ந்ததும் மறுபடி நிரப்பிக்கொண்டு சுட்டான். யாரைக் குறிவைத்தான் என்றே சொல்ல முடியாதபடி, எதிரில் வந்தவர்கள் மீதெல்லாம் குண்டு பாய்ந்தது.

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். பதினேழு வயது மாணவன் ஒருவன் மாண்டான். காயம் பட்ட பதின்மூன்று பேரில் பதினொருவர் மாணவர்கள். மற்ற இருவர் பள்ளியில் பணி செய்தவர்கள். அந்த இருவரில் ஒருவர் ஆசிரியர் பயிற்சிக்காக வந்திருந்தவர். மற்றவர் பள்ளி வளாகத்தைக் காத்தவர்.

இந்தப் பதினைந்து பேரில் எவரும் அவனைத் துன்புறுத்தியவர் என்று எந்த மன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. இதை முதலிலே மனத்தில் நிறுத்த வேண்டும். "பழிக்குப் பழி" என்று பேசுகிற சிலர் உண்டே, அவர்கள் வாயை அடைக்க இந்த ஓர் உண்மை போதும். அடித்தவன் ஒருவன், அடிபட்டவன் ஒருவன், குண்டு வாங்கியவன் மூன்றாமவன். இதிலே எங்கே இருக்கிறது நியாயம்?

அப்படியானால் சிறுவன் பட்ட பாடு பொய்யா? அதுவும் இல்லை. 2000-ம் ஆண்டிலேதான் அவன் அந்த ஊருக்குக் குடிவந்தவன். ஒல்லியான உடம்பு, வயதுக்குச் சிறிய தோற்றம். கேலி செய்தார்கள், அடித்தார்கள், அவன் பொருளைப் பறித்தார்கள் என்று அவனை அறிந்த மாணவர்களே வெளியே வந்து சொன்னார்கள். அதிலும் வேதனை என்னவென்றால், நண்பர்கள் என்று நம்பி எவர்களோடு சுற்றினானோ, அவர்களிலே சிலரும் அவனைச் சீண்டியவர்கள்தான் என்றார்கள். புது ஊரிலே ஒட்டிக்கொள்ள ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தின் விலை, அவமானத்தைச் சிரித்துக்கொண்டே விழுங்குவது!

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலே பள்ளிகளில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் உண்டு. அவர்களில் துப்பாக்கி எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். துன்பப்பட்டவனெல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. அப்படிச் சொல்வது, பொறுத்துக்கொண்டு படித்து முன்னேறிய அத்தனை பிள்ளைகளையும் அவமதிப்பதாகும். அடிபடும் பிள்ளையை ஆபத்தானவனாகப் பார்க்கும் இன்னொரு கொடுமைக்கும் வழி திறப்பதாகும்.

கேட்ட காதுகள், சிரித்த வாய்கள்

ஊரைச் சுட்டெரித்த உண்மை வேறொன்று. அந்தச் சிறுவன் மனத்திலே மறைத்து வைத்துக்கொண்டு செய்த காரியமல்ல அது! சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் வாய்விட்டே சொன்னான்: பள்ளியிலே சுடப்போகிறேன் என்று. நண்பர்கள் கேட்டார்கள். வயது வந்த மனிதர் ஒருவரும் கேட்டார். "அடுத்த கொலம்பைன் ஆகப்போகிறதா?" என்ற அச்சம் எழாமலும் இல்லை. 1999-ம் ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலையை அந்த நாட்டிலே அறியாதவர் யார்? ஆனாலும், "விளையாட்டுக்குச் சொல்கிறான்" என்று விட்டுவிட்டார்கள். அவனும் "விளையாட்டுக்குத்தான்" என்றான். திங்கட்கிழமை காலையில் விளையாட்டு தீர்ந்தது. உயிர்கள் இரண்டும் தீர்ந்தன.

கேட்டவர்கள் கெட்டவர்களா? இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான்! நண்பனைப் போலீசில் சிக்க வைக்கக்கூடாது என்று எண்ணினார்கள். பொய்யாகிப் போனால் நம்மைக் கேலி செய்வார்களே என்று தயங்கினார்கள். பிற்பாடு அந்த வயது வந்தவர், தாம் செயல்பட்டிருக்க வேண்டும் என்று வருந்தினார். அவருடைய வருத்தத்தை நாம் ஏளனம் செய்யத் தேவையில்லை. அதிலே பாடம் இருக்கிறது.

அந்தப் பாடத்தை எண்ணிக்கையாகவே எடுத்துக் காட்டியது 2002-ம் ஆண்டு வெளிவந்த ஓர் அறிக்கை. அமெரிக்க அதிபரைக் காக்கும் ரகசியக் காவல் துறையும், கல்வித் துறையும் சேர்ந்து செய்த ஆய்வு அது. 1974 முதல் 2000 வரை அந்நாட்டுப் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை எடுத்துக்கொண்டார்கள். தாக்கியவர்கள் 41 பேர். என்ன கண்டார்கள்?

தாக்குதலுக்கு முன்பே, குறைந்தது இன்னொருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது - நூற்றுக்கு 81 பங்கு நிகழ்ச்சிகளில்!

தாக்கியவர்களில் நூற்றுக்கு 71 பேர், அதற்கு முன் பிறரால் துன்புறுத்தப்பட்டதாக அல்லது தாக்கப்பட்டதாக உணர்ந்தவர்கள்.

நூற்றுக்கு 68 பேர் துப்பாக்கியை எடுத்தது தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான்.

அத்துடன், "இப்படிப்பட்ட பையன்தான் சுடுவான்" என்று அடையாளம் காட்டத்தக்க முகச்சாயல் எதுவும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். நன்றாகப் படிப்பவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு; தனியன் உண்டு, நண்பர் சூழ்ந்தவனும் உண்டு.

மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். சான்டீ ஊரிலே நடந்தது புதிதல்ல. முன்கூட்டிச் சொல்லப்பட்ட சொல், கேட்டும் அசையாத காது, வீட்டிலேயே கிடைத்த துப்பாக்கி - அச்சுப் பிசகாமல் அதே கதை!

சட்டம் எடுத்த அவசரம்

இனி வழக்குக்கு வருவோம். கொலம்பைனில் சுட்டவர்கள் இருவரும் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்கள். விசாரிக்க ஆள் இல்லை. சான்டீயில் சுட்டவன் உயிரோடு பிடிபட்டான். ஆகவே ஊர் ஒரு வழக்கை எதிர்நோக்க வேண்டியிருந்தது. "கோழைத்தனமான செயல்" என்று அதிபர் ஜார்ஜ் புஷ் கண்டித்தார். சம்பவம் நடந்த இரண்டாம் நாள், மார்ச் 7-ந் தேதி, பதினைந்து வயதுச் சிறுவன் பெரியவர்களுக்கான வழக்கு மன்றத்திலே நிறுத்தப்பட்டான்.

இது எப்படி நேர்ந்தது? பழைய வழக்கப்படி, சிறுவர் மன்ற நீதிபதி முதலில் விசாரிப்பார். பையனின் வயது, மனநிலை, வளர்ந்த விதம், குற்றத்தின் கடுமை எல்லாவற்றையும் எடை போட்டு, "இவனைச் சிறுவர் மன்றம் திருத்த முடியுமா, பெரியவர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டுமா" என்று தீர்மானிப்பார். 2000-ம் ஆண்டு மார்ச் மாதம், கலிபோர்னியா வாக்காளர்கள் 21-வது முன்மொழிவு என்ற சட்டத்தை வாக்களித்து நிறைவேற்றினார்கள். கொலை போன்ற கடுங் குற்றங்களில், பதினான்கு வயது தாண்டியவர் மீது சிறுவர் நீதிபதியின் அந்த விசாரணை இல்லாமலே, நேராகப் பெரியவர் மன்றத்தில் வழக்குப் போட அது வழி செய்தது. நீதிபதி எடை போட வேண்டிய தராசைச் சட்டமும் சர்க்கார் வக்கீலும் எடுத்துக்கொண்டார்கள்!

சிறுவர் மன்றத்திலே இருந்திருந்தால் என்ன? அதிகம் போனால் இருபத்தைந்து வயது வரை அவனை அடைத்து வைக்கலாம். அதாவது, பத்தாண்டு. இரண்டு உயிருக்குப் பத்தாண்டா என்று கேட்டார்கள் பறிகொடுத்தவர்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. மகனைப் புதைத்த தாயிடம் போய், "அவன் சின்னப் பையன் அம்மா" என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? ஆனால் மறுபக்கம் பாருங்கள். சிகரெட் வாங்க வயது போதாது, வாக்களிக்க வயது போதாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வயது போதாது என்று எந்தச் சட்டம் சொல்கிறதோ, அதே சட்டம்தான் ஐம்பது ஆண்டு தண்டனைக்கு மட்டும் வயது போதும் என்கிறது! பத்தாண்டு அல்லது ஆயுள் - நடுவிலே ஒரு படிகூட இல்லாத ஏணியை எதற்குக் கட்டினார்கள்?

அந்தச் சட்டமே செல்லாது என்று வேறொரு வழக்கில் வாதம் நடந்துகொண்டிருந்தது. 2002-ம் ஆண்டு பிப்ரவரியிலே, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கதவு அடைபட்டது. நான்கு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், சிறுவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

வராமலே போன விசாரணை

ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லை, ஜூரி இல்லை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதும் இல்லை. 2002 ஆகஸ்ட் 15-ந் தேதி தண்டனை நாள். பறிகொடுத்த குடும்பத்தார் பேசினார்கள், அழுதார்கள். சிறுவனும் அழுதான், மன்னிப்புக் கேட்டான். ஐம்பது ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. ஐம்பது ஆண்டு முடிந்த பிறகே விடுதலை பற்றிப் பேச்சு என்பது அதன் பொருள்.

விசாரணை நடக்காமல் போனதிலே பலருக்கு நிம்மதி. உண்மைதான், குண்டடி பட்ட பிள்ளைகளைக் கூண்டிலே ஏற்றி, அந்தக் காலையை மறுபடி வாழச் சொல்வது இன்னொரு கொடுமையாக இருந்திருக்கும். ஆனால் ஊர் அதற்கு ஒரு விலை கொடுத்தது. அவன் உண்மையிலேயே எவ்வளவு துன்புறுத்தப்பட்டான்? பள்ளி அதிகாரிகளுக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்த பின் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து யாரும் மன்றத்திலே பதில் சொல்ல நேரவில்லை. ஒருவர் "கேலியே காரணம்" என்றார். மற்றவர் "கேலி ஒரு சாக்கு" என்றார். இரண்டு பேச்சும் தெருவிலே உலாவின. எதுவும் தராசிலே ஏறவில்லை. முடிவு தெரியாத வாதம் ஊரின் நெஞ்சிலே முள்ளாகத் தங்கிற்று.

கடுமையான சட்டம் அடுத்தவனை அச்சுறுத்தும் என்று சொன்னார்களே, அச்சுறுத்திற்றா? சான்டானா பள்ளியில் சுடப்பட்டு பதினேழே நாள்! மார்ச் 22-ந் தேதி, அதே கல்வி மாவட்டத்தைச் சேர்ந்த, பக்கத்து எல் கஹோன் ஊரின் கிரானைட் ஹில்ஸ் பள்ளியிலே, பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் சுட்டான். நல்லவேளை, அங்கே மற்ற உயிர் எதுவும் போகவில்லை; காயத்தோடு தப்பினார்கள். சுட்டவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை நாளுக்கு முன்பே, அந்த ஆண்டு அக்டோபரில் சிறையிலே தற்கொலை செய்துகொண்டான். பதினைந்து வயதுச் சிறுவன் பெரியவர் மன்றத்திலே நிறுத்தப்பட்ட செய்தி பத்திரிகைகளில் காய்வதற்கு முன்பே இது நடந்தது. தண்டனை பார்த்து அஞ்சுகிறவன், வாழ வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன். செத்தாலும் சரி என்று வருகிறவனிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டி என்ன பயன்?

எல்லைக்கு வடக்கே

இதே நோய் அண்டை நாட்டையும் தீண்டியது. கொலம்பைன் நடந்து எட்டாம் நாள், 1999 ஏப்ரல் 28-ந் தேதி, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலே டேபர் என்ற சிற்றூரின் பள்ளியில் பதினான்கு வயதுச் சிறுவன் சுட்டான். ஒரு மாணவன் மாண்டான். ஒருவன் காயம் பட்டான். சுட்டவன் பள்ளியிலே கேலிக்கும் அடிக்கும் ஆளானவன். அங்கே வழக்கு இளைஞர் மன்றத்தில் நடந்தது. மூன்றாண்டுக் காவல், அதன் பின் ஏழாண்டுக் கண்காணிப்பு என்று தீர்ப்பு. மாண்ட மாணவனின் தந்தை ஒரு பாதிரியார். மகனைக் கொன்றவனை மன்னித்துவிட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு ஊர் ஊராகச் சென்று, பள்ளிகளிலே பிள்ளைகளைத் துன்புறுத்தும் பழக்கம் ஒழிய வேண்டும் என்று பேசினார்.

ஓரிடத்தில் மூன்றாண்டு, ஓரிடத்தில் ஐம்பதாண்டு. மாண்டவர் எண்ணிக்கையிலும் காயமுற்றவர் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆயினும் இவ்வளவு இடைவெளியை எண்ணிக்கை மட்டும் உண்டாக்கவில்லை. சிறுவனைச் சமுதாயம் எப்படிப் பார்க்கிறது என்பதும் சேர்ந்து உண்டாக்கியது. மூன்றாண்டு போதுமா என்று கேட்டால், போதாது என்பவர் பக்கமும் நியாயம் உண்டு. மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தப் பெற்றோரையும் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை கிடையாது. மன்னிப்பு கொடுப்பவர் சொத்து. கேட்டு வாங்கும் வரி அல்ல. ஆனால் அந்தப் பாதிரியாரிடம் ஒன்று கவனிக்கத் தக்கது. மன்னித்ததோடு வீட்டுக்குப் போய்விடவில்லை அவர். எந்த நோய் தம் மகனைத் தின்றதோ, அந்த நோயை எதிர்த்துக் கிளம்பினார்.

காலம் கடந்து வந்த திருத்தம்

கலிபோர்னியாவும் பிற்பாடு யோசித்தது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது. 2012-ல் அதே மன்றம், அத்தகையோருக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிப்பது செல்லாது என்றது. 2013-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்து, சிறு வயதிலே நீண்ட தண்டனை பெற்றவர்களுக்குப் பரோல் விசாரணையை முன்கூட்டியே நடத்த வழி திறந்தது. அந்த வழியிலேதான் 2024-ம் ஆண்டு விசாரணை நடந்தது.

இன்னும் கேளுங்கள். 2000-ல் எந்த வாக்காளர்கள் அந்தக் கடுஞ் சட்டத்தை ஏற்றினார்களோ, அதே மாநிலத்து வாக்காளர்கள் 2016 நவம்பரில் 57-வது முன்மொழிவை நிறைவேற்றி, சர்க்கார் வக்கீல் நேராகப் பெரியவர் மன்றத்துக்கு இழுத்துச் செல்லும் முறையை ஒழித்தார்கள். தராசு மறுபடி நீதிபதி கைக்கு வந்தது. 2018-ல் இயற்றிய சட்டமோ, பதினான்கு, பதினைந்து வயதினரைப் பெரியவர் மன்றத்துக்கு அனுப்புவதையே, மிகச் சில விலக்குகள் தவிர, தடுத்துவிட்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021-ல் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

2000 மார்ச்சில் ஒரு நியாயம். 2016 நவம்பரில் ஒரு நியாயம். நடுவிலே அகப்பட்டவர்கள் கதி? கோபம் கொதிக்கும்போது செய்த சட்டத்தை, கோபம் ஆறிய பிறகு திருத்துகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் கழிந்த ஆண்டுகளைத் திருத்தித் தர எந்த வாக்குப் பெட்டியாலும் முடியாது. குற்றம் நடந்த மறுநாள் ஊர் கேட்பது தண்டனை. குற்றம் நடக்காத நாளிலே ஊர் கேட்க வேண்டியது சட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வருவது இதுதான்.

துப்பாக்கி விஷயம் என்ன ஆயிற்று? சான்டீச் சிறுவன் எடுத்தது தந்தையின் துப்பாக்கி. பூட்டி வைத்த அலமாரியிலிருந்து எடுத்தான். பூட்டு இருந்தது, சாவி எட்டும் தூரத்தில் இருந்தது! அந்நாளில் பெற்றோர் மீது வழக்கு என்ற பேச்சு அபூர்வம். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு பள்ளியில் பதினைந்து வயதுச் சிறுவன் சுட்டு நால்வர் மாண்டார்கள். 2024-ல் அவனுடைய தாய், தந்தை இருவரையுமே ஜூரிகள் குற்றவாளிகள் என்றார்கள். பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. கூண்டு கொஞ்சம் அகலமாகிறது. ஆனால் பெற்றோரைச் சிறையில் போட்டதோடு தன் கடமை முடிந்தது என்று துப்பாக்கிக் கடைக்காரனும் சட்டசபைக்காரனும் கை கழுவிவிடலாகாது. மகனும் சிறையில், பெற்றோரும் சிறையில். துப்பாக்கி மட்டும் கடையிலே கம்பீரமாகத் தொங்குகிறது!

உழைப்பாளி அறிந்த உண்மை

தோழர்களே! இதைப் படிக்கும் நம்மில் பலர் ஆலையிலும் பட்டறையிலும் பாடுபடுகிறவர்கள். கொதிகலன் அருகே நின்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நீராவி மிகுந்தால் முள் ஏறும், வால்வு சீறும். அந்தச் சீற்றத்தைக் கேட்டவன், "நமக்கென்ன, அது அந்தப் பகுதிக்காரன் வேலை" என்று போகமாட்டான். கூவுவான், ஓடுவான், ஆளைக் கூட்டுவான். கேட்டது தவறாகவே இருந்தாலும் எவரும் அவனைக் கேலி செய்வதில்லை. ஏனென்றால் ஒருமுறை வெடித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காட்டிக்கொடுப்பது வேறு, எச்சரிப்பது வேறு. முதலாளியிடம் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பவனைத் தொழிலாளி வெறுக்கிறான்; அது நியாயம். அவன் தன் லாபத்துக்காகப் பிறனை விற்கிறான். எச்சரிப்பவனோ பிறர் உயிருக்காகத் தன் நிம்மதியைக் கொடுக்கிறான். சான்டீ ஊரின் இளைஞர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். அந்தத் தவறிலே போனவை இரண்டு உயிர்கள். எச்சரிக்கப்பட்டிருந்தால் மாண்டவர்கள் மட்டுமா பிழைத்திருப்பார்கள்? சுட்டவனும் அல்லவா பிழைத்திருப்பான்!

வால்வு சீறுவதற்கு முன்பே முள் ஏறுகிறதே, அதை யார் பார்ப்பது? அடிபட்ட பிள்ளை முதலில் துப்பாக்கியைத் தேடுவதில்லை, ஆளைத்தான் தேடுகிறது. ஆசிரியரைப் பார்க்கிறது, அப்பாவைப் பார்க்கிறது. "ஆம்பிளைப் பிள்ளை, திருப்பி அடி" என்கிறார் ஒருவர். "கண்டுகொள்ளாதே" என்கிறார் மற்றவர். இரண்டும் ஒன்றுதான்: "உன் பாடு உன்னோடு." பள்ளிகளிலே இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கவும், கண்டால் பணியாளர்கள் தலையிடவும் வேண்டும் என்று கலிபோர்னியா 2011-ல் ஒரு சட்டம் செய்தது. சான்டீக்குப் பத்தாண்டு கழித்து வந்த சட்டம் அது. சட்டம் வந்தது நன்றே. ஆனால் சட்டம் வகுப்பறை வாசலிலே நிற்கும். உள்ளே நுழைய மனிதர்தான் வேண்டும்.

வேலைக்குப் போய்த் திரும்பும் தகப்பனுக்கு நேரம் ஏது என்பீர்கள். உண்மை! மூன்றாம் ஷிப்டு முடித்து வருபவனுக்குப் பிள்ளை தூங்கும் முகம்தான் தெரியும். அதனால்தான் இந்தப் பொறுப்பை ஒரு வீட்டின் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்கிறோம். ஆசிரியருக்கு அளவுக்கு மேல் மாணவர், மனக்குறை கேட்கத் தனி ஆள் இல்லை, முறையிட்டால் முறையிட்டவனுக்கே ஆபத்து - இப்படி ஒரு பள்ளி இருக்குமானால், அங்கே நாளைக்கு நடப்பதற்கு அந்தப் பள்ளியை நடத்துபவர்களும் பொறுப்பாளிகள்.

தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளின் உயிர் மலிவானதல்ல. சுட்ட கை தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு கையைத் தண்டித்துவிட்டு ஊரே கை துடைத்துக்கொள்வது நீதி ஆகாது. அது கணக்கை மூடும் தந்திரம். மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதை, சுட்டவன் எத்தனை ஆண்டு கம்பி எண்ணினான் என்பதோடு நிற்பதில்லை. அடுத்த பள்ளியிலே, அடுத்த சிறுவன், "சுடப்போகிறேன்" என்று சொல்லும்போது கேட்பவன் சிரிக்கிறானா, ஓடுகிறானா என்பதிலும் இருக்கிறது. அதற்கும் முன்னே, அவனை முதன்முதலில் ஒருவன் அடித்தபோது பக்கத்தில் நின்றவன் என்ன செய்தான் என்பதிலே இருக்கிறது.

சிறுவனுக்கு மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊர்தான் இன்னும் தன் தீர்ப்பைத் தானே எழுத வேண்டும். அதைக் காகிதத்திலே எழுத முடியாது. பள்ளி முற்றத்திலே, ஒவ்வொரு நாளும் எழுதவேண்டும்.